பிளந்த கோடு

முறுக்கிய ஒளிக்கற்றையை வகுப்பில் காட்டுவதற்காக, நெருக்கமான கோடுகளாலான ஹோலோகிராம் ஒன்றைக் கணினியில் உருவாக்கினேன். நடுவில் ஒரு கோடு மட்டும் இரண்டாகப் பிளக்கும். ஒளியை முறுக்குவது அந்தப் பிளவுதான். கொக்குவிலில் கலியாண அட்டை அடிக்கும் கடையில் அதைப் பிலிமாக எடுப்பித்தேன். முறுக்கிய ஒளி சுவரில் நடு இருண்ட வளையமாக விழ வேண்டும்; வீட்டில் லேசரைப் பாய்ச்சினால் வெறும் புள்ளிகள்தான் விழுந்தன. பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. பிலிமோடு கடைக்குப் போனேன்.

“ஒரு கோடு பிளந்து கிடந்தது ரீச்சர், நான்தான் திருத்தினனான்,” என்றார் கடைக்காரர் பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளவோடு மறுபடி எடுப்பித்து, அவருடைய கடைச் சுவரிலேயே லேசரைப் பாய்ச்சினேன். நான் நினைத்தபடியே நடுவில் இருண்ட இரண்டு சிவப்பு வளையங்கள் விழுந்தன. அவர் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

“நடுவிலை ஓட்டையாக் கிடக்குது ரீச்சர். உதையும் திருத்தி விடட்டோ?”