எஞ்சினியர் சாலிஹ் திறந்த பெட்டி

என் மச்சான் சாலிஹை ஓட்டமாவடியில் யாரும் வெறும் சாலிஹ் என்று கூப்பிடுவதில்லை. எஞ்சினியர் சாலிஹ்! கட்டாரில் பதினெட்டு வருடம், பெரிய கடைத்தொகுதி ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில் மெஷின்களுக்கு எஞ்சினியராம். எங்கே படித்தார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, பேச்சு உடனே மழை வெள்ளத்துக்குப் போய்விடும். அதே கூடத்தில் நானும் இரண்டு வருடம் கோப்பி விற்றவன். மச்சான் கையில் நான் கண்டதெல்லாம் வாளியும் துணியும்தான். அவர் மனைவி ஸகியா என் கூடப்பிறந்தவள். அவள் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மகள் நிஸ்றாவுக்குச் சம்பந்தம் வந்ததும் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் வாப்பா ஏறாவூர் நௌஷாட், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் மனேஜர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஹோட்டல்ல காசு போட்டு விளையாடுற பழைய கேம் மெஷின் ஒண்டு செத்துக் கிடக்கு. கொழும்பால வந்தவனும் கைய விரிச்சிட்டான். எங்கட சம்மந்தி எஞ்சினியர், அவர் பாப்பாரெண்டு முதலாளிக்கிட்டச் சொல்லிட்டன்."

"ஓம், அதுக்கென்ன" என்றது மச்சானின் வாய். கை வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தது.

மறுநாள் என் ஓட்டோவில் வழியெல்லாம் புலம்பல். "பாழாப்போன வாய்டா! மெஷின் ஓடல்லெண்டா சம்மந்தம் போச்சு. புள்ளைட முகத்த எப்படிப் பாப்பன்?"

"பதினெட்டு வருசமா எஞ்சினியரெண்டு சொல்லிப் பாத்தீங்கதானே" என்றேன். வயிற்றெரிச்சல், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆளுயர மரப்பெட்டி அது. உப்புக் காற்றில் அடிப்பலகை ஊதி, ஆணியெல்லாம் துருவேறி, திரையில் பூஞ்சணம். பின்கதவைத் திறந்தால் குளவிக்கூடு, பல்லி முட்டை, எறும்பு மண். மச்சானுக்கு ஒரு வயரின் பெயரும் தெரியாது. ஆனால் அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. பழைய பல்துலக்கி ஒன்று கேட்டு வாங்கினார். உள்ளே செருகியிருந்த சர்க்கிட் பலகையை உருவி, களிம்பேறிய செப்பு விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தார். மூன்று மணி நேரம்! பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டி, பிளக்கைச் செருகிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெட்டி கிர்ரென்றது. திரையில் நிறம் வந்தது. "யா அல்லாஹ்!" என்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் மனுசன். எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்வானேன்.

நௌஷாட் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார்.

"நௌஷாட்! கேட்டடியில வேன் நிண்டு ஹோன் அடிக்குது. நீ இங்க என்ன புதினம் பாக்கிறாய்?"

மனேஜர் ஓட்டமெடுத்தார்.

நாங்கள் திரும்பும்போது நௌஷாட் காவல்காரத் தொப்பியும் விசிலுமாக நின்று கேட்டைத் திறந்துவிட்டார். எங்கள் பக்கம் முகம் திரும்பவில்லை. பழி தீர்க்க நல்ல ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் மச்சான் இறங்கிவிட்டார்.

"சம்மந்தி, உள்ளுக்க வெறும் ஊத்தைதான் கிடந்த. கட்டார்லயும் நான் துடைச்சதுதான். ஒண்டையும் திருத்தினதில்ல."

நௌஷாட் தொப்பியைக் கழற்றினார்.

"வெள்ளிக்கிழம பேசி முடிக்க வாறம்" என்றார். "நீங்க துடைச்ச கதைய மட்டும் வெளிய விட்றாதீங்க. என்ட பொஞ்சாதிக்கு எஞ்சினியர்ட மகள்தான் வேணுமாம்."