பூஜை அலமாரியில் இருந்த பேட்டரி

சனிக்கிழமை காலையில் நான் ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துக் கூரையில் இருக்கிற வெள்ளை டப்பாவின் பொத்தானை அழுத்துவேன். அது வீடே அதிரக் கத்தும். நீங்கள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுவீர்கள். "நேத்துகூட அழுத்துனியேப்பா" என்பாள் பெரியவள். வாரத்துக்கு ஒரு தரம் போதும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கை போய்விடுகிறது. ஏன் என்று எழுதி வைக்கிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

2007இல் கடலூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தேன். பின்மண்டையில் அடி. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. மல்லிகைப்பூவும் கருவாடும் ஒன்றுதான். "சில பேருக்கு இப்படி ஆயிடும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். வரவில்லை.

உங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் கடலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருந்தது. மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு, கல்யாணம், பிள்ளைகள் என்று தள்ளிப்போட்டு, ஏங்கிக் கிடந்த வேலை. காலை ஏழு மணி பஸ்ஸுக்குச் சிதம்பரத்திலிருந்து கிளம்பிவிடுவாள். எனக்கு அச்சகத்தில் மத்தியான ஷிப்ட். அதுவரை உங்களைப் பார்த்துக்கொள்வது நான், பிறகு அம்மா திரும்பும் வரை அடுத்த வீட்டு அக்கா. ஒருநாள் அடுப்பில் வைத்த பால் வற்றி, பாத்திரம் கருகி, அடுக்களை முழுக்கப் புகை. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவே இல்லை.

"உங்கள நம்பி பிள்ளைங்கள எப்பிடிங்க உட்டுட்டுப் போறது?" என்று கருகிய பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் நின்னுடறேன்."

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, துபாயில் வேலை பார்க்கும் உங்கள் மாமா, லீவில் வந்தார். விஷயம் தெரிந்தே, புகை பட்டால் கத்துகிற அந்த டப்பாவை வாங்கி வந்திருந்தார். "மாமா, இதான் இனிமே உங்க மூக்கு."

"முகத்துல மாட்டிக்கவா, மச்சான்?"

"உங்க முகத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இது வேலை செய்யற வரைக்கும்தான் நான் வேலைக்குப் போவேன்" என்றாள்.

முதலில் அடுக்களை வாசலில் மாட்டினேன். கடுகு தாளித்தால் கத்தியது. மிளகாய் வறுத்தால் தெருவே எட்டிப் பார்த்தது. கூடத்துக்கு மாற்றினேன். ஒருநாள் புகையே இல்லாமல் கத்தியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சிலந்தி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். நிமிடத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்றால் பேட்டரி தீருகிறது என்று அர்த்தம். இதெல்லாம் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான் பழகவில்லை. தூபக்காலோடு அம்மா கூடத்துக்கு வந்ததுமே அலறும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். விளக்கேற்றும் முன் பேட்டரியைக் கழற்றி, பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். கடைசியாக விபூதி பூசும்போது கண்ணில் படும், எடுத்து மாட்டிவிடுவேன். ஒரு வருடம் தவறவில்லை.

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. சின்னவனே, உனக்கு இரண்டு வயது. காய்ச்சல். இருட்டில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு விசிறியதில் விபூதியும் பூசவில்லை, பேட்டரியும் ஞாபகம் இல்லை. ஃபேன் இல்லாததால் கொசுவத்தி ஏற்றி உன் மெத்தை ஓரம் வைத்தேன். அது தீர்ந்ததும் விடிகாலையில் இன்னொன்று ஏற்றினேன்.

மறுநாள் காலை அம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அக்கா குரல் கொடுத்தார்.

"தம்பி, பஞ்சு கருகுற நாத்தம் வருது. உங்க வூடா பாரு."

"எங்க வீடா இருந்தா மெஷின் கத்தியிருக்கும்க்கா" என்றேன். துணியைப் பிழிந்தேன். இன்னொன்றையும் எடுத்துப் பிழிந்தேன்.

"யோவ், மெஷின தூக்கி அடுப்புல போடு! உள்ள போய்ப் பாருய்யா!"

அப்போதுதான் பெரியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, கண்ணு எரியுது."

ஓடினேன். அறையில் தீ இல்லை. வெள்ளையாகப் புகை மட்டும். இலவம்பஞ்சு மெத்தை ஓரத்திலிருந்து உள்ளுக்குள்ளேயே கனன்று வந்திருந்தது. உன் காலுக்கும் அதற்கும் ஒரு சாண்தான். தூக்கினேன். தலை என் கை மேல் துவண்டு விழுந்தது. வாசலுக்கு வந்து முதுகில் தட்டினேன். அழவில்லை. மறுபடி தட்டினேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கி உன்னைக் குப்புறப் போட்டுத் தட்டினார். இருமினாய். பிறகு கத்தி அழுதாய். அந்த நேரம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெத்தையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பூஜை அலமாரியைப் பார்த்தேன். பேட்டரி அங்கேயே இருந்தது. எடுத்து மாட்டினேன். மிச்சப் புகைக்கு உடனே கத்தியது. 

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அம்மா உன்னை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது அதைத்தான். "மெஷின் கத்துச்சா?"

"கத்துச்சி" என்றேன்.

உண்மையைச் சொன்னால் வேலையை விட்டுவிடுவாள். அதனால்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதிதான் அது. மீதி, அவள் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது. அக்காவிடமும் கெஞ்சினேன். "என் வாயால சொல்ல மாட்டேன். நீ சொல்லிடு" என்றார். நான்கு வருடமாகக் காத்திருக்கிறார்.

அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாள். ஆயுத பூஜைக்கு ஸ்டூல் போட்டு ஏறி அந்த டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறாள். "எம்புள்ளைய காப்பாத்துனது இது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். மறுநாள் காலை, புகை நுழையும் துளை அடைக்காமல் இருக்க, அந்தக் குங்குமத்தைப் பிரஷ்ஷால் தட்டி எடுப்பது நான். 

உன்னைக் காப்பாற்றியது அடுத்த வீட்டு அக்காவின் மூக்கு. டப்பா அன்றைக்குக் கத்தவே இல்லை.

இந்தத் தாளை மடித்து விபூதித் தட்டுக்குக் கீழே வைக்கிறேன். வெள்ளிக்கிழமை தட்டை எடுப்பது அம்மாதான்.