ஓய்வு வரிசை

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ட்ரோன்களைக் கொண்டு வயல்களுக்கு மருந்து தெளிக்கும் அந்த நிறுவனத்தில், மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பேட்டரியம்மாதான்.

நாற்பத்தெட்டுப் பேட்டரிகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு ட்ரோனும் ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரிகளைச் சுமந்துகொண்டு பறக்கும். ஆகவே அவை இருபத்து நான்கு ஜோடிகள். ஜோடியில் ஒன்று கிழடாகவும் மற்றொன்று இளசாகவும் இருந்தால் ட்ரோன் நடுவானில் தள்ளாடும். எனவே, சேர்ந்து வாங்கியவை சேர்ந்தே சார்ஜ் ஏற வேண்டும், சேர்ந்தே பறக்க வேண்டும், சேர்ந்தே ஓய்வெடுக்க வேண்டும்.

"நானும் என் வீட்டுக்காரியும்கூட இவ்வளவு ஒத்துமையா இருந்ததில்லம்மா" என்பார் மூத்த பைலட்.

"அவங்களுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பட்டுமா?" என்று தலை நிமிராமலே கேட்பார் பேட்டரியம்மா.

பேட்டரி அறை சன்னல் இல்லாதது, தரை சிமென்ட்டு, கதவருகே, தீப்பிடித்தால் கொட்ட, இரண்டு வாளி மணல். இரும்பு அலமாரியின் மேல் தட்டில் அன்றைக்குப் பறக்க வேண்டியவை இருக்கும்; நடுத் தட்டில் சார்ஜர்கள். கீழ்த் தட்டுதான் ஓய்வு வரிசை. பறந்து களைத்த ஜோடிகள் முறை வைத்துப் பத்து நாள் அங்கே கிடக்கும், பாதிச் சார்ஜில். முழுச் சார்ஜோடு கிடந்தால் வீங்கிவிடும். வெறுமையாகக் கிடந்தால் செத்துவிடும். எது எத்தனை முறை பறந்தது என்பதை நீள நோட்டில் அவர் கைப்பட எழுதிவந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் மறுநாள் எந்த ஜோடி வானத்துக்குப் போகும் என்பது முடிவாகும்.

இந்தப் பழக்கம் மருத்துவமனையிலிருந்து வந்தது. பதினெட்டு ஆண்டுகள் அவர் அங்கே துணிக் கிடங்கில் இருந்தார். வெளுத்து வந்த விரிப்பு அடுக்கின் அடியில் போக வேண்டும், மேலே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே விரிப்பு மறுபடி மறுபடி வெளுப்புக்குப் போய்க் கிழிந்துவிடும். கிடங்கை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டபோது வேலை போயிற்று. விரிப்பு போய்ப் பேட்டரி வந்தது, முறை மாறவில்லை.

அவருக்குத் திருமணம் ஆகவில்லை. தாய் இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அவனை ஆளாக்கியதில் அவருடைய வயது போனது. இப்போது அவன் குடும்பத்தோடு, சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். ட்ரோன் ஓட்டப் படித்துவிட்டு அவன் வேலை தேடி அலைந்தபோது, மேலாளர் முன் நின்று, "என் தம்பிங்க. நான் பொறுப்பு" என்று சொன்னவரும் அவரே.

விதிப்படி அறைச் சாவி அவர் கையை விட்டுப் போகக் கூடாது. ஆனால் சனிக்கிழமைகளில் தூரத்து வயல்களிலிருந்து ட்ரோன்கள் திரும்ப நேரமாகும். "நீ போக்கா, கால் வலிக்குதுன்னியே. நான் எடுத்து வெச்சுப் பூட்டிட்டு வரேன்" என்பான் தம்பி. யார் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார். தம்பிக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் சாவி அவர் பையில் இருக்கும்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஓய்வு வரிசையில் இருந்த ஏழாவது ஜோடி அவருக்குக் கவலை கொடுத்தது. மற்றவற்றைவிடச் சற்று விரைவாகச் சார்ஜ் இறங்கியது. களைத்திருக்கிறது போலும் என்று மேலும் பத்து நாள் ஓய்வு கொடுத்தார். தேறவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் பதினோராவதும் பதினைந்தாவதும் அப்படியே ஆயின. அவற்றுக்கும் ஓய்வை நீட்டினார். பிறகு மூன்றையும் பறப்பதிலிருந்தே நிறுத்தி, சுவரோரமாக, வெப்பம் படாத மூலையில் வைத்தார். நோயாளியைப் பார்ப்பதுபோல் வாரந்தோறும் சோதித்தார். ஓய்வு கூடக் கூட அவை மெலிந்தன. அவருக்கு விளங்கவில்லை.

விளக்கம் ஒரு ஃபர்ம்வேர் வடிவில் வந்தது. பேட்டரிக்குள் ஒரு சிறு மூளை உண்டு. அதை இயக்கும் மென்பொருள்தான் அது. உற்பத்தியாளர் புதிய பதிப்பை வெளியிட்டார். ட்ரோன்களுக்கு அதை ஏற்றியாயிற்று. இனி பழைய பதிப்புள்ள பேட்டரியைச் செருகினால் ட்ரோன் கிளம்பாது. ஆகவே நாற்பத்தெட்டையும் புதுப்பிக்க வேண்டும். ஒரு ஜோடியைச் செருகி, மடிக்கணினியை இணைத்து, கால் மணி நேரம் கண் கொட்டாமல் காத்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மூளை போய்விடும். பேட்டரியம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

புதிய பதிப்பில் ஒரு புதுமை இருந்தது. அதுவரை பேட்டரி தனக்குள்ளேயே வைத்திருந்த எண்ணை, அதாவது மொத்தம் எத்தனை முறை பறந்து சார்ஜ் ஏறியது என்பதை, இனி சார்ஜரின் திரையில் காட்டும். முதல் ஜோடி: திரையில் நூற்றுப் பதினெட்டு. நோட்டைப் புரட்டினார், நூற்றுப் பதினெட்டு. இரண்டாவது ஜோடியும் சரி, மூன்றாவதும் சரி. ஆறு ஜோடிகள் வரை ஓர் எண்கூடப் பிசகவில்லை. தாமே தம் முதுகில் தட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஏழாவது: நோட்டில் நூற்று முப்பத்தொன்று; திரையில் நூற்று எண்பத்து மூன்று.

புதுப்பித்தலில் பிழை என்று மறுபடி ஏற்றினார். அதே எண். பதினோராவதில் ஐம்பது கூடுதல்; பதினைந்தாவதில் நாற்பத்தெட்டு. ஏனைய இருபத்தொரு ஜோடிகளும் நோட்டோடு அச்சாகப் பொருந்தின. அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். ஏழாவது ஜோடி ஓய்வுக்கு வந்து இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருந்தன, பதினோராவதற்கு இருபத்தைந்து, பதினைந்தாவதற்கு இருபத்து நான்கு. ஞாயிற்றுக்கு இரண்டு முறை. அவர் பார்த்துப் பார்த்து நீட்டிய ஓய்வு, அவற்றை யாரோ ஒருவனுக்கென்றே ஒதுக்கி வைத்ததாக முடிந்திருந்தது. யாரோ என்ன யாரோ!

தம்பி கழுவுமிடத்தில் மருந்துக் குழாயை ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏழு, பதினொண்ணு, பதினஞ்சு" என்றார்.

"என்னக்கா, லாட்டரி நம்பரா?"

"ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு தடவ. சரிதானா?"

அவன் ஊதுவதை நிறுத்தினான். அவனும் ஒரு நண்பனும் பழைய ட்ரோன் ஒன்றைக் கூட்டாக வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாகத் தெளிப்பு வேலை செய்வது அவருக்குத் தெரியும்.

"உன் கூட்டாளிகிட்ட பேட்டரி இருக்குன்னியேடா?"

"இருந்துச்சு. வீங்கிப்போச்சு. புதுசு வாங்க முடியுமா? இங்க சும்மாதானேக்கா கெடந்துச்சு."

"சும்மா கெடக்கலடா. ஓய்வுல இருந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானே! திருப்பி வைக்கும்போது கரெக்டா பாதிச் சார்ஜ் வெச்சுத்தான் வெச்சேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரியே."

அந்தக் கடைசிச் சொற்றொடர்தான் அவரைச் சுட்டது. தம்பி குழாயைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தான்.

"அக்கா, நோட்டுல எழுத விட்டுப்போச்சுன்னு சொல்லிடு. ஒன்ன என்ன செய்வாங்க? வயசானவங்கன்னு ரெண்டு வார்த்த திட்டுவாங்க. என்னைத் திருடன்னு அனுப்புவாங்கக்கா. லைசென்ஸே போயிடும்."

மாலையில் வீட்டில் தம்பி மனைவி தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அண்ணி, நீங்க வளத்த புள்ள. நீங்களே அதக் கெடுத்துடாதீங்க."

மறுநாள் மேலாளர், புதுப்பித்தலின்போது மடிக்கணினியில் பதிவான எண்களின் பட்டியலை முன்னால் வைத்தார். "மூணு ஜோடி. நூத்தம்பது தடவ. உங்க நோட்டு பொய் சொல்லுதா, பேட்டரி பொய் சொல்லுதா?"

பேட்டரியம்மா பட்டியலைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யாராவது எடுத்தாங்களான்னு சந்தேகம் இருந்தா சொல்லுங்க. என்னைக்கு, எத்தன மணிக்குப் பறந்துச்சுன்னு எல்லாம் பேட்டரிக்குள்ள இருக்காம். ஒரு மெயில் போட்டா எடுத்துக் குடுத்துடுவாங்க. போடவா?"

ஒரு சொல் போதும். நோட்டு சுத்தமாகிவிடும். பதினெட்டு ஆண்டு விரிப்புகளும் நான்கு ஆண்டுப் பேட்டரிகளும் சேர்ந்து அவருக்குத் தேடித்தந்தது அந்த ஒரு பெயர்தான்: எண்ணில் பிசகாதவர். வேறு சொத்து எதுவும் அவருக்கு இல்லை.

"வேண்டாங்க" என்றார். "நான்தான் எழுத விட்டுட்டேன்."

"நூத்தம்பது தடவயுமா?"

"ஆமாங்க."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒங்க நோட்ட நம்பித்தானேம்மா இத்தன நாளா ஆளுங்க தலைக்கு மேல பறக்க விட்டோம்?"

அதற்கும் அவர் "ஆமாங்க" என்றார்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் பொறுத்திருப்பார். மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் மூத்த பைலட், "பேட்டரியம்மா கணக்கே தப்பிப்போச்சா? என்னால நம்பவே முடியலப்பா" என்றார். பேட்டரியம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றார். தம்பி எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம், சோற்றை மென்றுகொண்டிருக்கலாம்.

"வயசாகுதில்ல" என்றான் அவன். "வீட்டுலயும் இப்படித்தான். அடுப்ப அணைக்க மறந்துடுறாங்க. நாங்கதான் பின்னாடியே போய்ப் பாத்துக்க வேண்டியிருக்கு."

சுற்றிலும் இரக்கத்தோடு தலைகள் ஆடின. வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் அடுப்பை அணைக்க மறந்ததில்லை. அந்தப் பொய்யை யாரும் அவனிடம் கேட்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. கேட்காமலே கொடுத்தான். குவளை நிரம்பித் தண்ணீர் கையில் வழிவதைச் சற்று நேரம் கழித்தே அவர் கவனித்தார். மேசையில் இருந்த ஒருவர் அதையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரைக் கண்ணால் தொட்டார்.

வாரக் கடைசியில் முடிவு வந்தது. பேட்டரியம்மா இனி கழுவுமிடத்தில் மருந்துத் தொட்டிகளை அலசுவார். பேட்டரி அறைச் சாவி, பைலட் வேலையோடு கூடுதல் பொறுப்பாக, தம்பிக்கு. "ஒரே குடும்பம். வீட்டுல கேட்டுக் கத்துக்குவாரு" என்று மேலாளர் தம் பெருந்தன்மையைத் தாமே மெச்சிக்கொண்டார்.

ஒப்படைப்பை முறைப்படிதான் செய்ய வேண்டும் என்று பேட்டரியம்மா நின்றார். தம்பி ஒவ்வொரு ஜோடியாகச் சார்ஜரில் செருகித் திரையில் உள்ள எண்ணை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் நோட்டில் சரிபார்ப்பார். ஆறு ஜோடிகள் விரைவாக முடிந்தன. ஏழாவதை எடுக்காமல் அவன் எட்டாவதற்குக் கையை நீட்டினான்.

"ஏழு" என்றார்.

"அதான் எல்லாருக்கும் தெரியுமேக்கா."

"வாசி."

"நூத்தி எண்பத்தி மூணு."

அவர் நோட்டை அவன் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். "நோட்டுல ஐம்பத்திரண்டு குறையுது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பார். இனிமே நோட்டு ஒன்னுது. நீயே எழுது."

அறையில் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவன் என்ன எழுதினாலும் அதை அவர் யாரிடமும் காட்டப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு நிதானமாக எழுதினான்: 'முன்னாள் பொறுப்பாளரின் கவனக்குறைவு.' கீழே கையொப்பமும் நாளும் இட்டான். பதினோராவதற்கும் பதினைந்தாவதற்கும் 'மேற்படி' என்று போட்டான். எழுத்து வரிசை பிசகாமல், அழகாக இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பழக்கியவரும் அவர்தான்.

இருபத்து நான்கும் முடிந்தன. சாவியை மேசைமேல் வைத்தார்.

"சாயங்காலம் சேந்தே போயிடலாம்க்கா, பைக் இருக்கு" என்றான் தம்பி, ஒன்றுமே நடவாததுபோல்.

கழுவுமிடத்தில் தொட்டி அலசும் பெண் இவருக்கென்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். கையுறையை எப்படிப் போட்டுக்கொள்வது, மருந்து நெடி ஏறாமல் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று சொல்லிக்கொடுத்தாள். பேட்டரியம்மா இரண்டு தொட்டிகளை அலசிக் கவிழ்த்தார். மூன்றாவதை எடுக்கும்போது கேட்டார்:

"ஒங்க தெருவுல ஒரு ரூம் காலியா இருக்குன்னு சொன்னியே, இன்னும் இருக்கா?"

"இருக்கு. யாருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆளுன்னா ஒடனே குடுத்துடுவாங்க. குடும்பம் இருக்கான்னுதான் கேப்பாங்க."

"இல்லன்னு சொல்லு" என்றார் பேட்டரியம்மா, தொட்டிக்குள் கையை விட்டு.