என்ஜினுக்கு ஒத்தடம்

எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் டீசல் என்ஜின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், அடுத்த வீட்டு மிக்ஸி என்று எது மக்கர் செய்தாலும் எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நன்றாகக் கழற்றுவார், சில சமயம் மாட்டவும் செய்வார் என்பாள் என் மனைவி.

போன மாட்டுப் பொங்கலன்று அவளுடைய தம்பி குன்னூரிலிருந்து எங்கள் ஊர் பாகூருக்கு வந்தபோது பையில் ஒரு கார் இருந்தது. பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ரிமோட்டில் ஓடுவதுதான், ஆனால் உள்ளே இருப்பது நிஜ என்ஜின். எலுமிச்சம்பழ அளவு, நைட்ரோ என்ற எரிபொருளில் ஓடுமாம். ஓடுமாம் என்றுதான் சொல்லவேண்டும், வாங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூட ஸ்டார்ட் ஆகவில்லை. அவனோடு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த மாதிரி கார்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள்.

"ஸ்டார்ட் ஆவலன்னா கடைக்கே திருப்பி அனுப்பிடப் போறேன் மாமா," என்றான்.

"நாளைக்கு நீ பஸ் ஏறுறதுக்குள்ள ஓட வுட்றேன் மச்சான்," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

மறுநாள் காணும் பொங்கல். மச்சான் காலையிலேயே வில்லியனூருக்கு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். நான் காரைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகை பக்கம் உட்கார்ந்தேன். முதலில் பிளக்கைக் கழற்றினேன். ஸ்பிரேயர் பிளக்கில் தீப்பொறி தாவுவதற்கு ஓர் இடைவெளி இருக்கும். இதில் அது இல்லை. தலைமுடி கனத்தில் ஒரு சுருள் கம்பி மட்டும் இருந்தது. கூட வந்த பேட்டரியைச் செருகினால் கம்பி சிவந்து கனன்றது. பொறியே இல்லாமல் இந்தக் கம்பியின் கனலை வைத்தே பற்றவைக்கிற என்ஜின்! எரிபொருள் டப்பாவைத் திறந்தால் லேசாக விளக்கெண்ணெய் வாசம். எனக்குப் பசி மறந்துபோயிற்று.

ஸ்டார்ட் செய்ய ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் பாதி தூரம் வந்து நின்றுவிடும். பிஸ்டன் மேலே ஏறும் கடைசி இடத்தில் ஏதோ இறுக்கிப் பிடித்தது. எண்ணெய் விட்டேன். மறுபடி இழுத்தேன். பத்து மணி வாக்கில் நான் இழுத்த இழுப்பில் என் தோளில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. வலது கையைத் தூக்க முடியவில்லை.

பிஸ்டன் பிடிக்கிறது என்றால் டீசல் என்ஜினில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். திறந்து, பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான ஸ்லீவின் உள்பக்கத்தை எமரி தாளால் தேய்த்துவிடுவது. இடது கையாலேயே மேல்மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். இரண்டு கழன்றுவிட்டன.

"கைய தூக்க முடியல, அதுல ஸ்பேனரு வேற," என்று மனைவி வந்தாள். கல்லுப்பை வறுத்துப் பழைய துண்டில் முடிந்து, கையில் தயாராக வைத்திருந்தாள். "உக்காருங்க."

சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். நைந்த துண்டு, உப்பு பொலபொலவென்று முதுகில் உதிர்ந்தது. சூடு இறங்க இறங்கத் தோள் இளகியது.

"இறுகிக்கினு இருக்கறத முரட்டுத்தனமா இழுத்தா இன்னா ஆவும்? சூடு வெச்சா தானா வுடப்போவுது," என்றாள். தோளைத்தான் சொன்னாள்.

நான் அவள் கையிலிருந்து முடிச்சைப் பிடுங்கி என்ஜின் மேல் வைத்தேன்.

"இன்னாங்க பண்றீங்க? அதுக்கும் சுளுக்கா?"

கழற்றிய திருகுகளை மாட்டினேன். அவள் இன்னொரு முறை உப்பை வறுத்து வந்தாள். நன்றாகச் சூடேறியதும் பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் என்ஜின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். பிடித்த இடத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. நம்ப முடியாமல், வேண்டுமென்றே ஆறவிட்டுச் சுற்றினேன். மறுபடி பிடித்தது. சூடு வைத்தேன், விட்டது. அப்போதுதான் உறைத்தது. அது கோளாறே இல்லை. சூடேறினால் விரியும் என்று கணக்குப் போட்டு ஸ்லீவின் மேல்பக்கத்தைக் குறுக்கியே செய்திருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான். எமரியால் தேய்த்திருந்தால் சூட்டில் தொளதொளத்து, என்ஜின் ஒரேயடியாகச் செத்திருக்கும்.

மூன்றாவது ஒத்தடத்தோடு பேட்டரியைச் செருகினேன். என் கை ஆகாதே, கயிற்றை அவள்தான் இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் பற்றிக்கொண்டு வீலென்று கத்தியது பாருங்கள், கொட்டகையில் மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. பேட்டரியை எடுத்த பிறகும் ஓடியது. எரிகிற சூட்டிலேயே கம்பி அணையாமல் கனன்றுகொண்டிருக்கிறது. நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

மதியம் மச்சான் வந்தபோது களத்தில் காரை ஓட்டிக் காட்டினேன். "எப்படி மாமா?" என்று குதித்தான்.

"எத்தினி என்ஜினு பாத்திருக்கேன்! எல்லாம் அனுபவம்தான்," என்றேன். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உப்பு முடிந்த அந்தப் பழைய துண்டை ஓங்கி உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குன்னூரிலிருந்து போன் வந்தது. "மாமா, இங்க குளிரு. என்ஜின் அசையவே மாட்டேங்குது. ஒன்பது மணிக்குப் போட்டி. அன்னிக்கு இன்னா பண்ணீங்க?"

போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா சொல்லச் சொன்னாருடா. கல்லுப்ப வறுத்து..." என்று ஆரம்பித்தாள்.

மாமா சொல்லச் சொன்னாராம். எனக்குக் கூசிப்போயிற்று. போனைத் திரும்ப வாங்கினேன். "நான் சொல்லல மச்சான். அது உங்கக்கா வெச்ச ஒத்தடம். கயிறு இழுத்ததும் அவதான். நான் எமரி போட்டுக் கெடுக்கத்தான் பாத்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அக்கா வைத்தியம்னு பஸ்லயே தெரியும் மாமா. என்ஜின் இடுக்கெல்லாம் கல்லுப்பு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். ஆனா இப்ப நெசமாவே ஸ்டார்ட் ஆவல, போனை அக்காகிட்ட குடுங்க."