ஏகாம்பரம் அடித்த சுண்ணாம்பு

ஏகாம்பரம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆலையின் செக்யூரிட்டி கன்னியப்பன். திங்கட்கிழமை காலை, முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டிருந்தது. "சார், மெயின்டனன்ஸ் ஏகாம்பரம் நேத்து சாய்ங்காலம் பூட்டாரு. மாரடைப்பாம். வூட்ல தனியா இருந்துகிறாரு" என்றார். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் சாவியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு உதவ வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்த நாள். நான் போகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் ஆலையை ஒட்டியிருக்கும் மண்ணூரைச் சேர்ந்தவர். எங்கள் ஆலையில் ஃபிட்டர். மனைவி காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. கேன்டீனில் பெஞ்சின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் வாய் திறந்தால் வெயிலைப் பற்றித்தான் பேசுவார் என்பதால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நானும் உட்கார்ந்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு செய்தித்தாள் துண்டை ஸ்டோர் ஜன்னலில் நீட்டினார். பூமி சூடாகிக்கொண்டு வருகிறது என்று அதில் போட்டிருந்தது.

"வடக்கால பனிப்பாறை வெள்ளையா கீறதால வெயில அப்படியே திருப்பி அனுப்புதாம் சார். அது உருகிட்டா சூடு இன்னும் ஏறுமாம். நம்மகிட்ட பனி ஏது? சுண்ணாம்பு கீது. ஆயுத பூஜைக்கு அடிச்சது போக ரெண்டு மூட்டை மிச்சம் இருக்குமே, குடு சார்."

"உங்க ஒரு கூரையால பூமி குளுந்துடுமா ஏகாம்பரம்?" என்று கேலி செய்தேன்.

"ஆவாது சார். கீழ நிக்கிறவன் குளுருவான்ல. அத்த பாத்து பக்கத்து கம்பெனிக்காரன் அடிப்பான்" என்றார். சிரித்துக்கொண்டே மூட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.

தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் அதன் கீழ் நிற்பது இட்லிப் பானைக்குள் நிற்பது போலத்தான். கேன்டீனில் வடித்த கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்தார். அப்போதுதான் மழைக்குச் சட்டென்று கரையாதாம். ஒரு ஹெல்பரை ஏணி பிடிக்கச் சொல்லி, பலகை போட்டு நடந்து, விடுமுறை நாட்களில் பாதிக் கூரைக்கு வெள்ளையடித்தார். "கூரைக்குப் பொங்கலா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே ஒரு மாதத்துக்குள் டீ நேரத்தில் அந்தப் பாதியின் கீழ் போய் உட்காரத் தொடங்கினார்கள். பெஞ்சைக்கூட இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஏகாம்பரம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மூளை நம்பாட்டி போவட்டும் சார், முதுகு நம்பிடுச்சி" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். அப்போதும் யாரும் அவரை வந்து உட்காருங்கள் என்று கூப்பிடவில்லை.

மறுபாதியைத் தொடங்குவதற்குள் ஹெல்பர் வேலையை விட்டுப் போய்விட்டார். தனியாகக் கூரையில் ஏறக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. இந்த 1991 கோடை தொடங்கியதும் ஏகாம்பரம் என்னிடம் வந்தார். "ஏணிய புடிச்சா போதும் சார். ஒருவாட்டி நீயும் மேல ஏறிப் பாரு." ஒரு ஞாயிறு கல்யாணம் என்றேன். அடுத்த ஞாயிறு உறவினர் வருகிறார்கள் என்றேன். மூன்றாவது ஞாயிறு கட்டாயம் வருகிறேன் என்றேன். போகாததற்கு எந்தக் காரணமும் இல்லை. சோம்பல், அவ்வளவுதான்.

அன்று அவர் வந்திருக்கிறார். கன்னியப்பன் சொன்னார்: "காலைலேர்ந்து ஏணியாண்ட குந்திக்கினு இருந்தாரு சார். கேட்டை வுட்டுட்டு நான் எங்க ஏணி புடிக்கப் போறது? சார் வருவாரு, வருவாருன்னே சொல்லிக்கினு இருந்தாரு. பதினோரு மணிக்கு எழுந்து போயிட்டாரு."

அவருடைய வீட்டுக்குப் போனோம். வேப்பமரத்தை ஒட்டி, மேலே தளம் போட்ட ஒற்றை அறை. சுவரெல்லாம் அழுக்கேறி, காரை பெயர்ந்து கிடந்தது. "ஒரு பொங்கலுக்குக்கூட சுண்ணாம்பு அடிக்கல பாரேன். பொம்பள இல்லாத வூடு" என்று வந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆலைக்கே சுண்ணாம்பு கேட்டு அலைந்த மனிதர், தன் வீட்டை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தங்கை மகன் கொள்ளி வைத்தார். எங்கள் ஆலையிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம்.

அடுத்த ஞாயிறு நான் ஆலைக்குப் போனேன். கன்னியப்பன் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் கூரையில் ஏறினேன். சுற்றிலும் மற்ற ஆலைகளின் கூரைகள், எல்லாம் கறுத்தும் சாம்பல் பூத்தும் கிடந்தன. மண்ணூர்ப் பக்கம் மட்டும் ஒரு சின்ன மொட்டை மாடி, கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெள்ளை. பக்கத்து வேப்பமரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அது ஏகாம்பரத்தின் வீடு.

வீட்டுக்கென்று கிடைத்த சுண்ணாம்பையெல்லாம் அவர் சுவருக்கு அடிக்காமல் மாடித் தளத்துக்கே அடித்திருக்கிறார். தெருவில் நின்ற எங்களுக்கு அது தெரியவில்லை. மேலே ஏறிப் பார் என்று அவர் சொன்னது இதற்காகவும் இருக்கலாம்.

"இன்னா சார், அங்க நின்னுகினு இன்னா பாக்குற?" என்று கீழேயிருந்து கன்னியப்பன் கேட்டார். கயிற்றில் கட்டிய கஞ்சிச் சுண்ணாம்பு வாளியை மேலே இழுத்துக்கொண்டேன்.

ஏகாம்பரம், வந்துவிட்டேன். ஒரு வாரம் தாமதம். உங்கள் மறுபாதியை இன்று தொடங்குகிறேன்.