மூக்குக்குள் ஒரு வைக்கோல் போர்

போன வருடம் மாசி மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். நான் மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வீடு தஞ்சாவூரில். தினமும் போய்வர எல்லோரையும் போல ஒரு வெள்ளைக் காரை வாங்கியிருந்தால் எனக்கு இந்த அனுபவமே கிடைத்திருக்காது. நானோ, யாரோ ஒரு டாக்டர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பல வருடம் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இரண்டே கதவு, இரண்டே சீட். ஸ்விட்சைத் தட்டினால் ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். ஐம்பது வயதில் புடவையைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் இறங்கி உட்காரும்போது, வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை.

தை மாதக் கடைசியில் அதற்குச் சூடு பிடிக்கும் வியாதி வந்தது. பத்து கிலோமீட்டர் ஓடினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தேடிப் போகும். ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் சும்மா விட்டால் மெதுவாக இறங்கும். மறுபடி வேகமெடுத்தால் ஏறும். எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று அடிக்கிறது, இன்னும் ஆற வேண்டியதுதானே நியாயம்? நின்றால் ஆறுகிறது, ஓடினால் கொதிக்கிறது. இது என்ன கூத்து?

விடுவேனா! ஒரு அப்சர்வேஷன் நோட்டைக் காருக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே எத்தனை டிகிரி, என்ன வேகம், ஏசி உண்டா இல்லையா, முள் எங்கே நிற்கிறது, எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு நாள் பகல் வெயிலில் ஹீட்டரைப் போட்டு ஓட்டினேன். ஹீட்டர் என்பது இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிடும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே. முள் நன்றாகவே இறங்கியது. நான்தான் வெந்துபோனேன். கல்லூரி வாசலில் இறங்கியபோது, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

தஞ்சாவூரில் என் காரைத் தொடத் துணிந்தவர் ஒரே ஒரு மெக்கானிக் அண்ணன்தான். அவர் ஷெட்டில் வேதாகம வசனம் போட்ட காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து என் நோட்டை ஒரு வரி விடாமல் படித்தார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். வாட்டர் பம்பை மாற்றினார். ரேடியேட்டர் மூடி, ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரேடியேட்டருக்குள் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினார். வியாதி தீரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எந்த வழியா மேடம் வர்றீங்க?"

"வடுவூர் வழியா, மெயின் ரோட்டுலதான் அண்ணே."

அது பொய். கார் தரையோடு தரையாக இருப்பதால் கிராமத்துச் சாலைக்குக் கொண்டுபோகவே கூடாது என்று வாங்கிய அன்றே அவர் சொல்லியிருந்தார். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன். ஆனால் மெயின் ரோட்டில் என் காரை யார் பார்க்கிறார்கள்? பஸ்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆற்றங்கரைச் சாலையில் போனால் வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் கை காட்டுவார்கள். அந்தப் பெருமைக்காக வாரத்தில் நாலு நாளாவது அப்படித்தான் திரும்பி வந்தேன். நோட்டில் எத்தனையோ கட்டம் போட்ட நான், வழிக்கு மட்டும் கட்டம் போடவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை, நான்காவது முறையாகக் கார் கொதித்தது. ஷெட்டில் மூன்று நான்கு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், "இந்த வண்டி உங்களுக்குப் புரியலேன்னா சொல்லிடுங்கண்ணே. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. கையைத் துணியில் துடைத்தபடியே, "வெளியில பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு மேடம். அடுத்த சனிக்கிழமை இன்ஜின் ஹெட்டைப் பிரிச்சிடலாம். ஆனா ஹெட்டுக்கு அடியில வைக்கிற பேக்கிங் இப்ப எங்கயும் கெடைக்கல. பிரிச்சா திரும்பச் சேக்க முடியுமான்னு தெரியாது" என்றார்.

அதாவது, என் கார் ஷெட்டுக்குள் போய் அப்படியே நின்றுவிடலாம். அந்த வாரம் முழுக்க அதே கவலைதான். வெள்ளிக்கிழமை, கடைசியாக ஓட்டிப் பார்த்துக்கொள்வோம் என்று கல்லூரிக்கு எடுத்துப் போனேன்.

அன்று மதியம் லேப். கொதிக்கும் நீர் ஆறுவதை நிமிடத்துக்கு நிமிடம் குறித்து கிராஃப் வரையும் சோதனை. ஒரு மாணவியின் கோடு வழுவழுவென்று, ஒரு புள்ளிகூட விலகாமல் இருந்தது. தெர்மாமீட்டரைப் பார்க்காமலே எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? "ரீடிங்ல பொய் சொல்றவளுக்கு லேப்ல என்னம்மா வேல?" என்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள்.

அந்தச் சூடு தணியாமலே காரை எடுத்து, வழக்கம்போல ஆற்றங்கரைச் சாலையில் திரும்பினேன். பாதிச் சாலையில் நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் வைக்கோல். ஒரு வளைவைத் தாண்டியதும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. நிறுத்தினேன். பானட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர் ஒரு புளோயரை வைத்து மிஷினின் ரேடியேட்டரை ஊதிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கீழ்வேளூர் பக்கம் என்று பிறகு சொன்னார். வரப்பேறி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அதன் மூக்குக்கு அடியில் பார்த்தார்.

"அக்கா, இது காத்த முன்னாடிலேர்ந்து இழுக்கல. கீழேர்ந்துல்ல இழுக்குது. டெய்லி இந்த வழியாவா வர்றீங்க?"

அந்தச் சாலையிலேயே நின்றுகொண்டு மெயின் ரோடு என்று சொல்ல முடியுமா? "ஆமாம்" என்றேன்.

"அப்ப எதுக்கு இன்ஜினப் பாக்கணும்? நாங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஊதலேன்னா எங்க மிஷினே கொதிச்சிடும்க்கா."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, முன்னால் இருந்த மேல் தகட்டின் நான்கு போல்ட்டைக் கழற்றினார். ஏசிக்கு ஒரு சல்லடை, அதற்குப் பின்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் சல்லடை சுத்தமாகத்தான் தெரியும். செல்போன் டார்ச்சை அந்த இடைவெளிக்குள் அடித்தவர் சிரித்துவிட்டார்.

"வந்து பாருங்கக்கா. உள்ள ஒரு வைக்கப்போரே போட்டு வச்சிருக்கீங்க!"

பதரும் வைக்கோல் தூளும் ரேடியேட்டர் முகம் முழுக்க மெத்தை மாதிரி அப்பியிருந்தன. காற்று எப்படிப் போகும்? சும்மா நிற்கும்போது இன்ஜினில் சூடு குறைவு, ஃபேன் இழுக்கிற கொஞ்சக் காற்றே போதும். ஓடும்போது உண்டாகிற சூட்டுக்கு அது போதவில்லை. இருபது வருடமாக வெப்பம் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஈர்க்குச்சியால் கிளறி, பின்பக்கமிருந்து புளோயரால் ஊதி எல்லாவற்றையும் வெளியே தள்ளினார். தண்ணீரை ஊற்றி ஸ்டார்ட் செய்து ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தேன். முள் பாதியில் நின்றது, அசையவே இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவருக்கு நான் என்ன செய்ய என்று கேட்டதற்கு, "அந்த லைட்டு மேல எந்திரிக்குமாமே, ஒருதடவ காட்டுங்கக்கா" என்றார். பத்து தடவை காட்டினேன். களத்திலிருந்த பெண்களும் வந்து நின்று சிரித்தார்கள்.

கீழே விழுந்த பதரை என் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டேன். மறுநாள் ஷெட்டில் அதே மாதிரி நாலு பேர் நின்றிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவர்கள் முன்னாலேயே டப்பாவைத் திறந்தேன்.

"தப்பு உங்க மேல இல்லண்ணே. நான் ஆத்தங்கரை ரோட்டுலதான் ஓட்டினேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் பதரை விரலால் கிளறிப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாலு போல்ட்டுதான் மேடம். மொத நாளே கழட்டிப் பாத்திருப்பேன். பாடம் சொல்லிக் குடுக்கிறவங்க, மெயின் ரோடுன்னா மெயின் ரோடுதான்னு விட்டுட்டேன்."

திங்கட்கிழமை அந்த மாணவியைக் கூப்பிட்டு, என் நோட்டையும் காருக்குள் கிடைத்த வைக்கோல் போரையும் பற்றிச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, கொதித்த தண்ணீர் ஆறும்வரை ஒவ்வொரு நிமிடமும் தெர்மாமீட்டரைப் பார்த்தோம். அவள் வரைந்த புதிய கோடு கொஞ்சம் கோணல்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

கார் இப்போது ஜம்மென்று ஓடுகிறது. என் நோட்டில் 'வழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எழுதுவது அத்தனையும் உண்மை. சர்வீஸுக்குப் போனால் மெக்கானிக் அண்ணன் முன்பு போலவே, "எந்த வழியா மேடம் வந்தீங்க?" என்று கேட்கிறார். நானும் உள்ளதைச் சொல்கிறேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, அந்த நாலு போல்ட்டையும் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வெளிச்சம் ரேடியேட்டர் மேல் விழும்போதெல்லாம், என் ஒரு சொல்லே போதும் என்று அவர் நம்பியிருந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன்.