பிளவுஸுக்குக் கீழே ஒரு விலை

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் பழைய வியாபாரிகள் சிலர் இன்னும் துண்டுக்கடியில்தான் விலை பேசுகிறார்கள். இருவர் கையையும் ஒரு துண்டு மூடும். பிடிக்கிற விரல்தான் தொகை. பெண்ணின் விரலைப் பிடிக்கலாமா? ஆகாதாம். அதனால் ஆணுக்கு விலை; பெண்ணுக்கு ‘பாத்துத் தரேன்.’ கூலியைத் திருட ஒழுக்கத்தைப் போல வசதியான போர்வை வேறில்லை.

தென்காசிக்காரி செல்வலட்சுமி அந்தப் போர்வைக்குள் ஒன்பது வருடம் இருந்தாள். மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கப்பலுக்கான காகிதமெல்லாம் அவள் கைவேலை. அவளிடம் தொழில் பழகிய ஸ்ரீநாத்துக்கு அவளைவிடச் சம்பளம் அதிகம் என்று தெரிந்த அன்றே வேலையை விட்டாள். இப்போது அம்மிணியின் தையல் கடையில் பாதி இடம், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர்; அதே காகித வேலை, சொந்தமாக. இன்று முதல் வாடிக்கைக்காரர் வருகிறார். அவரிடம் சொல்லும் விலை சாயா ஆறுவதற்குள் பஜார் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் உயர்த்த முடியாது.

“ஒரு கப்பல் சரக்குக்கான காகித செட்டுக்கு எழுநூறு கேக்கலாம்னு இருக்கேன்க்கா. பழைய சம்பளத்த வகுத்துப் பாத்தேன்.”

அம்மிணி கத்தரியைக் கீழே வைத்தாள். “மண்டு! கரண்டு காசு யார் கட்டுவா? காய்ச்சல்னு படுத்தா யார் தருவா? குறைச்சுத் தந்தவன் கணக்கை வச்சே உனக்கு விலை போடறயே!”

செல்வலட்சுமி எழுந்தாள். சாக்பீஸை எடுத்தாள். வாசலில் தொங்கிய தையல் கூலிப் பலகையில், ‘லைனிங் பிளவுஸ்’ வரிக்குக் கீழே எழுதினாள்: ‘ஏற்றுமதிக் காகிதம், ஒரு செட் ரூ. 1,500.’ அம்மிணி அதையே பக்கத்தில் மலையாளத்தில் எழுதினாள்.

ஏலக்காய் வியாபாரி வெங்கிடராமன் வந்து பலகையைப் படித்தார்.

“இதென்னம்மா, பிளவுஸுக்குக் கீழே என் கண்டெய்னர்?”

“பிளவுஸும் வேலைதான முதலாளி.”

அம்மிணி வாயில் கவ்வியிருந்த குண்டூசி சிரிப்பில் கீழே விழுந்தது.

“சரி, தந்துடறேன். முதல்லே அதை அழிச்சுடு. நாளைக்கு என் ஆபீஸ் பொண்ணும் இதைப் படிச்சுட்டு வந்து நிப்பள்.”

வாடகை நாள் நெருங்கிவிட்டது. அழித்தால் இப்போதே பணம். ஆனால் அடுத்த ஆள் மறுபடி துண்டோடு வருவான்.

“அந்தப் பிள்ளை படிக்கணும்னுதான் எழுதியிருக்கேன்.”

வெங்கிடராமன் விருட்டென்று தெருவில் இறங்கினார். அம்மிணியின் தையல் மெஷின் நின்றது. அவர் நடைபாதையில் நின்று போனில் ஒருவரைக் கூப்பிட்டார், பிறகு இன்னொருவரை. திரும்பி வந்தபோது, சனிக்கிழமைக் கப்பலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“எழுதினபடியே தரேன். ஆரம்பி.”

“உக்காருங்க முதலாளி. யக்கா, அந்தச் சாக்பீஸக் குடு.”

“எதுக்குடி?”

“எதிர்க்கடைக்குத் தெரியல. பெரிசா எழுதணும்.”